ஏற்றத்தில் இறங்கி நடப்பவர்கள்

கொழுந்து பறிக்கும் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாய்ச்சண்டை போட்டுக்கொள்ள விஷயத்துக்கா பஞ்சம்? ஆனால் கீழ் கோத்தகிரிச் சரிவில் இருந்த அந்த அரசு தேயிலைத் தோட்டத்தில் ஆண்டாயியும் மாரியாயியும் பிலோமியும் ஒரு மரத்தடியில் சேர்ந்துவிட்டால் சண்டை ஒன்றே ஒன்றுதான். சிலோனில் இருந்தபோது யார் தோட்டத்துக் கார் ரொம்ப மெதுவாகப் போனது?

ஆமாம், மெதுவாகத்தான். ஊர் உலகமெல்லாம் வேகத்துக்குப் பெருமை பேசும். இந்த மூன்று பேரும் மெதுவுக்குப் பெருமை பேசினார்கள். மூன்று பேரும் கப்பலேறி வந்தவர்கள். பிலோமி பதுளைப் பக்கம், மாரியாயி மாத்தளை, ஆண்டாயி அட்டன். வந்து பதினைந்து வருஷம் ஆகியும் ஒருத்தி பிறந்த தோட்டத்தை இன்னொருத்தி பார்த்ததில்லை, இனி பார்க்கப்போவதும் இல்லை. ஆகவே யார் என்ன சொன்னாலும் பொய் என்று நிரூபிக்க ஆளில்லை. சண்டைக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

தன் தோட்டத்து மைனர் என்ற குட்டிக் கார் ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே பின்சீட்டிலிருந்து இறங்கி, பக்கத்து மலையில் ஒரு மடி கொழுந்து கிள்ளிவிட்டு, திரும்ப வந்து ஏறிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து வைத்தாள் பிலோமி. அதெல்லாம் ஒரு மெதுவா என்று மாரியாயி உதட்டைப் பிதுக்கினாள். அவளுடைய பெரியப்பா ஒரு வளைவில் காரைவிட்டு இறங்கி, கடையில் தேத்தண்ணி வாங்கி, ஆற்றிக் குடித்து, கிளாசைக் கழுவியும் கொடுத்துவிட்டு வந்தாராம். கார் அதே வளைவில்தான் இருந்ததாம். இருவரும் பேசி முடிக்கட்டும் என்று வெற்றிலையை மென்றுகொண்டிருந்த ஆண்டாயி கடைசியாகத்தான் வாயைத் திறந்தாள். தன் வீட்டுக்காரர் தங்கையா ஓட்டிய ஏ ஃபோர்ட்டி காரில் கிளம்பினால், ஏற்றத்தின் அடியில் எல்லோரும் இறங்கி முன்னால் நடந்துவிடுவார்களாம். மேலே போய் ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்து, சடை பின்னி முடித்து, ரிப்பனும் கட்டிய பிறகுதான் காரின் மூக்கு தெரியுமாம். அதற்குமேல் எதிர்க்கட்சி எழுந்திருக்கவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் பேச்சு இறங்கிவரும். அந்தத் தோல் சீட்டின் வாசனை, மழையில் நனைந்த கம்பளி வாசனையோடு அது கலந்து வரும் விதம். கார் திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து டக்கென்று நீளும் மஞ்சள் சிக்னல் கை. அதைப் பார்க்கவே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் முச்சந்தியில் காத்துக் கிடப்பார்கள். காலையில் குளிரில் கிளம்ப மறுத்தால் முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றுவது, அதற்கு நான் நீ என்று இளவட்டங்கள் போட்டி போடுவது. இங்கே தோட்டத்து ஜீப் வருகிறது, போகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று கண்ணைத் தூக்கிப் பார்ப்பதற்குள் புழுதிதான் மிஞ்சுகிறது. அப்படியொரு வண்டியில் போய் என்ன, போகாமல் என்ன என்பாள் மாரியாயி. மூன்று பேருக்கும் கண் கலங்கும். அப்புறம் கங்காணி விசில் ஊதுவான்.

மெதுவில் அப்படி என்ன இருந்தது என்று இந்தக் காலத்தவர்கள் கேட்கலாம். அந்தத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஏற்றம் வந்தால் காரில் இருப்பவர்கள், டிரைவர் சொல்லக் காத்திராமல், தாங்களாகவே இறங்கி நடப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியும் காய்ச்சல்காரரும் புதுப்பெண்ணும் மட்டும் உள்ளே இருப்பார்கள். மற்றவர்கள் ஜன்னலில் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே பேசிக்கொண்டு வருவார்கள். வண்டியின் வேகமும் மனுஷர் வேகமும் ஒன்று. ஆண்டாயியின் கல்யாணப் பேச்சே அப்படி முடிந்ததுதான். அவள் அப்பா ஒரு ஏற்றத்தில் டிரைவர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நடந்து, என் மகளைக் கட்டிக்கொள்கிறாயா என்று தங்கையாவைக் கேட்டார். பதில் சொல்லாமல் நழுவிப்போக அந்த வண்டியால் எப்படி முடியும்? உச்சிக்குப் போவதற்குள் தங்கையா சரி என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கதையை ஆண்டாயி நூறு தடவை சொல்லியிருப்பாள். அந்தக் காரின் கடைசிப் பயணத்தை மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு வரிசையாகக் கப்பல் தேதி வந்துகொண்டிருந்த காலம் அது. அட்டன் ஸ்டேஷனிலிருந்து அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள். போகிறவர்களும் நிற்கிறவர்களும் ஜன்னல் கம்பிகளின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கதறுவார்கள். லயத்திலிருந்து அந்த ஸ்டேஷனுக்குக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய் விட்டவர் தங்கையாதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் ஒரே மாதிரிதான் ஓட்டினார். லயத்திலிருந்து தோட்டத்து எல்லைக் கல் வரை நடை வேகம், அதற்கு மேலே ஒரு அடி கூடாது. மொத்த லயமும் காரின் நான்கு பக்கமும் கை வைத்துக்கொண்டு எல்லை வரை நடந்து வரும். சொல்ல வேண்டியதைச் சொல்லி, திட்ட வேண்டியதைத் திட்டி, முத்தம் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து முடிக்க அந்தத் தூரம் போதும். கல் வந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். தங்கையா அண்ணன் ஓட்டினால்தான் போனது போல இருக்கும் என்று ஜனங்கள் சொன்னார்கள்.

பிறகு அவர்களுக்கே தேதி வந்தது. மகன்கள் இருவரும் சின்னப் பையன்கள், பெற்றவர்களோடு வந்தார்கள். மூத்தவள் தெய்வம்மாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, அவள் அங்கேதான் இருந்தாக வேண்டும். அவளுக்கு அப்போது நிறைமாதம், தலைப் பிரசவம். பிள்ளை பிறக்கும்வரை தள்ளிப் போடலாமா என்று தங்கையா ஆபீஸ் ஆபீசாக அலைந்து பார்த்தார். கப்பல் தேதி யாருக்காகவும் நகரவில்லை.

டிரங்குப் பெட்டியும் படுக்கை மூட்டையும் பையன்களுமாகக் காரில் இடமில்லை. பிள்ளைத்தாய்ச்சி உள்ளே உட்கார, மற்றவர்கள் நடப்பதுதான் வழக்கம். அன்றைக்குப் பிள்ளைத்தாய்ச்சி நடந்தாள். தெய்வம்மா ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, வழியெல்லாம் சின்னச் சின்ன விஷயமாகப் பேசிக்கொண்டே வந்தாள். கப்பலில் தம்பிமாரைக் கம்பி ஓரம் விடாதே, மண்டபம் கேம்பில் தண்ணியைக் காய்ச்சிக் குடி. பெற்றவளுக்கு மகள் புத்தி சொன்னாள். எல்லைக் கல்லுக்கு முன்னால் ஒரு வளைவு. அந்த வளைவில் தங்கையா ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. கைகள் எல்லாம் காரிலிருந்து நழுவின. தெய்வம்மா நாலு எட்டு ஓடிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பின்கண்ணாடி வழியாக ஆண்டாயி கடைசியாகப் பார்த்தது அதைத்தான். வளைவு திரும்பியதும் அதுவும் இல்லை. பேத்தி பிறந்த செய்தி, இவர்கள் கேம்பிலிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்த பிறகு வந்தது.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எல்லை வரை ஊர்ந்த மனுஷன், தான் பெற்ற பிள்ளைக்கு மட்டும் அந்தக் கடைசி வளைவுத் தூரத்தைத் திருடிவிட்டார். இதுதான் ஆண்டாயியின் நெஞ்சில் கிடந்த நெருப்பு. அவள் அதைக் கேட்டதே இல்லை. கேட்காமலே குத்திக் காட்டினாள். சோற்றைத் தட்டில் வைக்கும்போது, மெதுவாகச் சாப்பிடுங்கள், உங்களுக்குத்தான் அவசரமாச்சே என்பாள். அவர் இங்கே ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கவாத்துக் கத்தியோடு மலைக்குப் போனார், வந்தார். யாராவது கார் பேச்சை எடுத்தால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே எழுந்து போய்விடுவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று ஆண்டாயி நினைத்துக்கொள்வாள். மகன்கள் வளர்ந்து திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் அந்த மௌனம் இன்னும் பெரிதாகிவிட்டது.

அந்த வருஷம் பாக்டரி டிராக்டரைப் பழுது பார்க்கக் கோத்தகிரியிலிருந்து நாச்சிமுத்து என்ற மெக்கானிக் வந்துகொண்டிருந்தான். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், பழைய கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒருநாள் மரத்தடிச் சண்டை அவன் காதில் விழுந்துவிட்டது. டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நடுவில் வந்து உட்கார்ந்தவன், தன் மாமனார் வைத்திருந்த சின்னக் கார் பழனிக்குப் போய் வருவதற்குள் முருகனுக்கு நேர்ந்த மொட்டையில் முடி வளர்ந்துவிட்டது என்று தன் பங்குக்கு ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். பெண்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டாயி ஏ ஃபோர்ட்டி என்று சொன்னதும் அவன் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"ஏனுங்க்கா, அதே காரு ஒண்ணு எங்கிட்ட இருக்குதுங்க. குன்னூர்ல ஒரு பங்களாவுல கோழி முட்டை போட்டுட்டு இருந்துச்சு, வாங்கியாந்து ஓட வெச்சிருக்கறனுங்க," என்றான்.

அதை ஓட்டிய மனுஷர் இந்தத் தோட்டத்திலேயே இருக்கிறார் என்று தெரிந்ததும் அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரை இங்கேயே கொண்டுவருகிறேன், அவர் ஒரு தடவை ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சினான். அவர் வர மாட்டார் என்று மாரியாயி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆண்டாயி, வருவார், நான் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்குக் காரில் போகும் ஆசை அல்ல. அன்று ஓட்டாத ஓட்டத்தை இந்த மனுஷன் ஒருமுறை ஓட்ட வேண்டும், தான் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அது அவர் நெஞ்சில் தைக்க வேண்டும். அவ்வளவு வன்மம் அவளுக்கு இருந்தது. அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள். தங்கையா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு பீடிக்கட்டைத் தேடினார். அவள் வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"எனக்கு ஒரே ஒரு தடவ மெதுவா ஓட்டிக் காட்டுங்க. அதுகூட முடியாதா ஒங்களுக்கு?"

அத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவையாக நேராகக் கேட்டது. அவர் பீடிக்கட்டைத் தேடுவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னால் ரோட்டில் போய் நின்றார்.

சாம்பல் நிறக் கார். அதே உருண்ட மூக்கு, அதே சின்னப் பின்கண்ணாடி. பிலோமி அதன் முதுகை மாட்டைத் தடவுவது போலத் தடவினாள். மாரியாயி மஞ்சள் கையை நீட்டிக் காட்டச் சொல்லி, அது நீண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டாள். தங்கையா உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கையை வைத்தார். பிறகு கியரைப் போட்டார். கை மறக்கவில்லை. லைசன்ஸ் எங்கே என்று கேட்க ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தோட்டத்துப் பாதையில் யார் வரப்போகிறார்கள்? முன்னால் நாச்சிமுத்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் மூன்று பெண்கள், இடது ஜன்னலோரம் ஆண்டாயி.

கோத்தகிரிப் பக்கமாக ஏறும் சரிவு வந்தது. வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கியதுதான் தாமதம், பிலோமி தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். அவள் பின்னாலேயே மாரியாயி. ஒருத்தியும் யோசிக்கவில்லை, ஒருத்தியும் சொல்லிக்கொள்ளவில்லை. நாச்சிமுத்து பதறிப்போய்த் திரும்பினான்.

"ஏனுங்க, எதுக்குங்க எறங்கறீங்க? வண்டி நல்லா ஏறுமுங்க. நான் புது பிஸ்டன் போட்டிருக்கறனுங்க!"

அது எங்களுக்கு எதற்கு, ஏற்றம் வந்தால் இறங்க வேண்டாமா, நீயும் இறங்கு தம்பி என்று பிலோமி வெளியிலிருந்து அதட்டினாள். காரின் சொந்தக்காரன் தன் காரை விட்டே இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு நடந்தான். ஆண்டாயியும் இறங்கப்போனாள். அவளுக்கு மூட்டு வீங்கிக் கிடப்பது தெரிந்த மாரியாயி, டிரைவர் பெண்சாதி மகாராணியாக உட்காரட்டும் என்று அவளை உள்ளே அமுக்கிவிட்டு, சுற்றி வந்து அவள் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு நடந்தாள்.

தங்கையா மெதுவாகத்தான் ஓட்டினார். சொன்னபடியே, நடை வேகம். மாரியாயி எதையோ பேசிக்கொண்டு வந்தாள். ஆண்டாயிக்கு அது காதில் ஏறவில்லை. ஜன்னல் விளிம்பில் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். அவளுக்கு அங்கே வேறு கை தெரிந்தது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் குலுங்கும் கை. முன்னால் ஒரு வளைவு வந்தது.

அப்போது அவள் கை தானாக எழுந்து கதவுக் கைப்பிடியில் போய் விழுந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. நிமிர்ந்தாள். டிரைவருக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் தங்கையாவின் கண்கள் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த கணம் என்ஜின் உறுமியது. கார் துள்ளி முன்னால் பாய்ந்தது. மாரியாயியின் கை நழுவியது. மூன்று பேரும் பின்னால் சிரித்துக்கொண்டே கூச்சல் போடுவது கேட்டது, வளைவு திரும்பியதும் அதுவும் நின்றது.

அன்றைக்கும் ஆண்டாயியின் கை கதவுக் கைப்பிடியில்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாததை, தனக்கே சொல்லிக்கொள்ளாமல் புதைத்து வைத்திருந்ததை, அந்தக் கை இப்போது தோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டது. எல்லைக் கல்லில் இறங்கிவிடுவது என்று அவள் அன்று முடிவே செய்திருந்தாள். தலைப் பிரசவத்துக்குத் தாய் இல்லாமல் மகளை விட்டுவிட்டு எந்தக் கப்பலில் ஏறுவது? பையன்களுக்கு அப்பா இருக்கிறார், அவர் வளர்த்துவிடுவார். தேதி தவறினால் போலீஸ் பிடிக்கட்டும். அந்த வளைவில்தான் அவள் மடியில் தூங்கிய சின்னவனை மெல்ல எடுத்துப் படுக்கை மூட்டையில் சாய்த்துவிட்டுக் கதவில் கை வைத்தாள். வண்டி மெதுவாகத்தானே போகிறது. இறங்குவதற்கு ஒரு நொடிகூட வேண்டாம்.

அதைத் தடுத்த மனுஷனைத்தான் இத்தனை வருஷம் சோற்றோடு சேர்த்துக் குத்தினாள். என்னையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகப் பார்த்தவள்தானே நீ என்று ஒரு வார்த்தை அவர் திருப்பிக் கேட்டிருந்தால் அவளுக்கு வாய் இருந்திருக்காது. அவர் கேட்கவில்லை. குற்றத்தைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு பீடி குடிக்க வெளியே போனார்.

"அன்னைக்குப் பாத்துட்டீங்களா?" என்றாள்.

தங்கையா பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சின்னவன மடியிலயிருந்து எறக்கி வச்சியே, அப்பவே பாத்துட்டேன் புள்ள. நீ இல்லாம நான் எங்கிட்டுப் போவேன்? மகளா நீயான்னு ஆயிருச்சு. மிதிச்சிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் காலை எடுத்தார். வண்டி தளர்ந்து, தளர்ந்து, மறுபடியும் நடை வேகத்துக்கு வந்தது. கை நீட்டிக் கண்ணாடியை மேலே பார்க்கத் திருப்பிவிட்டார். இனி அவள் என்ன செய்தாலும் அவருக்குத் தெரியாது.

அவள் கை இன்னும் கைப்பிடியில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. இறங்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் இறங்கினால் போய்ச் சேர அந்தப் பாதையில் யாரும் நிற்கவில்லை. நின்றவள் கடலுக்கு அந்தப் பக்கம், பதினைந்து வருஷத்துக்கு முன்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்டாயி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒப்பாரிக் கோச்சியில் அழ மறந்த அழுகையை வாய்விட்டு அழுதாள். தங்கையா உச்சி வரும்வரை வேகத்தைக் கூட்டவே இல்லை.